அரிய நரம்பு நோய்: எந்தப் பரிசோதனை எதைப் பார்க்காது

நாலு வயதுப் பையனுக்குக் காய்ச்சல். ஊர் டாக்டர் எழுதிய ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 280, எஸ்.ஜி.பி.டி. 310 என்று வருகிறது. காமாலைதான் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள், எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்துகிறார்கள், மருந்துக்கடையில் ஈரலுக்கு ஒரு சிரப் வாங்குகிறார்கள். ஆறு மாதம் ஓடியும் எண்கள் இறங்கவில்லை. கோபியிலும் தாராபுரத்திலும் நாமக்கல்லிலும் டூஷேன் தசைச்சிதைவு நோய் முதலில் வெளிப்படும் வழிகளில் இது ஒன்று.

அந்த இரண்டு நொதிகளும் ஈரலில் மட்டும் இருப்பவை அல்ல. தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும். ஈரல் கோளாறைக் காட்டும் பிலிருபினும் ஜி.ஜி.டி.யும் சரியாக இருந்து இவை மட்டும் ஏறியிருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது சி.கே. என்னும் தசை நொதி. அதன் உச்சவரம்பு ஏறக்குறைய 200. டூஷேன் உள்ள பையனுக்கு 10,000, 20,000 என்று வரும். சில நூறு ரூபாய்ப் பரிசோதனைதான், எந்தச் சின்ன ஊர் லேபிலும் அனுப்பி எடுத்துத் தருவார்கள். பையன் ஓடும்போது அடிக்கடி விழுகிறான், கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி நிமிர்கிறான் என்பதையெல்லாம் வீட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். காய்ச்சலுக்கு வந்த இடத்தில் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அரிய நரம்பு நோய்களில் கண்டுபிடிப்பு தாமதமாவதற்குக் கருவிப் பஞ்சம் பெரிய காரணம் இல்லை. கோயம்புத்தூரில் 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இருக்கிறது, மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்ப ஆள் வீட்டுக்கே வருகிறார். ஒவ்வொரு பரிசோதனையும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கேட்காததற்கு அது 'நார்மல்' என்றே எழுதும். அந்த நார்மலை நம்பிக் குடும்பம் இரண்டு வருடம் சும்மா இருந்துவிடும்.

அரிய நோய்கள் என்று 7,000க்கு மேல் பட்டியல் இருக்கிறது. பெரும்பாலானவை மரபணுக் கோளாறுகள், அவற்றிலும் கணிசமானவை மூளை, நரம்பு, தசை இவற்றில் ஒன்றையாவது தொடுபவை. தனித்தனியாக ஒவ்வொன்றும் அரிது. மொத்தமாகச் சேர்த்தால் எந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் வந்துபோகிற கூட்டம்தான்.

முதல் பரிசோதனைக்கு ஊசி வேண்டாம், ஒரு வெள்ளைத்தாள் போதும். மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை வரைய வேண்டும். கொங்கு நாட்டில் இதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு குழியும் உண்டு. வசதி என்னவென்றால், குலதெய்வக் கோயிலுக்கு வரி கொடுக்கும் பங்காளிகள் யார் யார் என்று பெரியவர்கள் ஏழெட்டுத் தலைமுறைக்குக் கோர்வையாகச் சொல்வார்கள். குழியும் அங்கேயேதான். "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டால், "இல்லீங்க, கூட்டம் வேற" என்று பதில் வரும். கூட்டம் என்னும் குலப்பிரிவு அப்பா வழியில் மட்டும் இறங்குவது. மாமன் மகளும் அத்தை மகனும் எப்போதும் வேறு வேறு கூட்டம்தான். ஆனால் இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி. வேறு சமூகங்களில் குலம், கோத்திரம் என்று பெயர் மாறினாலும் கணக்கு இதுவே. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் என்ன முறை?" என்பது. அப்போதுதான் "எங்க அம்மாயியும் அவரோட அப்பாரும் கூடப்பொறந்தவங்க" என்று விஷயம் வெளியே வரும் (அம்மாயி அம்மாவின் அம்மா, அப்பாரு அப்பாவின் அப்பா).

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் ரத்த உறவுக்குள் நடந்தவை. மரபணுக் கணக்கில், முதல்நிலை மாமன்-அத்தை பிள்ளைகள் மணந்தால் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு 16இல் 1. தாய்மாமன் அக்கா மகளை மணந்தால் 8இல் 1. இதை வைத்துப் பயமுறுத்தத் தேவையில்லை. உறவில்லாத தம்பதிக்குப் பிறவிக் கோளாறு உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 2 முதல் 3 சதவீதம். அத்தை-மாமன் பிள்ளைகள் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் நோய் வந்துவிட்ட குழந்தைக்குக் காரணம் தேடும்போது, இரண்டு பிரதியும் கெட்டால் மட்டும் வரும் ஒடுங்கு வகை நோய்களை முன்வரிசைக்குக் கொண்டுவருவது இந்த உறவுத் தகவல்தான்.

டூஷேன் வேறு வழியில் போகிறது. அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் வழியாக இறங்கிப் பையன்களைத் தாக்கும். விசாரிக்க வேண்டியது அம்மாவின் உடன்பிறந்தவர்களை, அம்மாயியின் உடன்பிறந்தவர்களை, பெரியம்மா சின்னம்மா பையன்களை. இவர்கள் எல்லோரும் வெவ்வேறு கூட்டத்தில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களின் பிள்ளைகள். ஒரே கோயிலுக்கு வரமாட்டார்கள், பங்காளிப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். அப்பா வழியில் ஏழு தலைமுறை சுத்தம் என்று சொல்லும் குடும்பத்தில், பெரியம்மா வீட்டில் பன்னிரண்டு வயதில் நடக்கமுடியாமல் போன பையன் இருப்பான்.

ஒரு பிரதி கெட்டாலே வரும் ஓங்கு வகை நோய்களில் இன்னொரு சிக்கல். சிறுமூளை தேய்ந்து தள்ளாட்டம் வரும் எஸ்.சி.ஏ. வகைகளில் "தாத்தாவுக்கு இருந்துச்சா?" என்றால் இல்லை என்பார்கள். "கடைசிக் காலத்துல நடை எப்படி இருந்துச்சு?" என்றால், "தள்ளாடுவாருங்க, சாராயம்னு நெனச்சோம்" என்பார்கள். இவற்றில் பல வகைகளில் தலைமுறைக்குத் தலைமுறை நோய் முன்கூட்டியே தொடங்கும், அப்பா வழியில் இறங்கும்போது இன்னும் முன்னதாக. தாத்தாவுக்கு அறுபதில் வந்தது பேரனுக்கு முப்பதில் வரலாம்.

அரிய நோயைத் தேடும் முன், அதைப் போல வேடம் போடும் சாதாரணக் காரணங்களைக் கழித்துக்கட்ட வேண்டும். கவிச்சி தொடாதவர்களுக்கும் பல வருடம் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடும் சர்க்கரைக்காரர்களுக்கும் பி12 குறைந்து கால் மரத்து, கண்ணை மூடினால் தடுமாறும். முழங்கையில் நரம்பு கயிறு போலத் தடித்து, தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் அது தொழுநோய். ஒழிந்துவிட்டது என்று நினைத்துத் தொட்டுப் பார்க்காமல் விடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அதிகம் உள்ளே போனவர்களில் சிலருக்கு, உயிர் பிழைத்து வீடு திரும்பி ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் கால் விழும். பழைய விஷத்தையும் புதிய கால் பலவீனத்தையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பேட்டரி உருக்கும் இடத்தில் வேலை செய்பவருக்கும், சரியாகச் சுத்தி செய்யாத பற்பம் செந்தூரம் நெடுநாள் சாப்பிட்டவருக்கும் மணிக்கட்டு தொங்கினால் ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும். தர்மபுரிப் பக்கம் ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு முதுகெலும்பு தடித்துத் தண்டுவடம் நசுங்கியிருக்கலாம்.

இவை கழிந்தபின் எங்கே தொடங்குவது? எது அதிகம் காணப்படுகிறது என்று பார்ப்பதைவிட, எதைத் தவறவிட்டால் நஷ்டம் அதிகம் என்று பார்ப்பதே சரி. மருந்து உள்ள நோய்களை முதலில் தேட வேண்டும். அந்த வரிசையில் வில்சன் நோய்க்கு முதலிடம்.

ஏ.டி.பி.7பி என்ற மரபணு கெட்டு, உடலில் சேரும் செம்பு பித்தத்தின் வழி வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தங்குவது வில்சன். எஸ்.ஏ.கே. வில்சன் 1912இல் விவரித்தார். பெரும்பாலும் 5 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் வெளிப்படும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கையெழுத்து கோணுகிறது, மார்க் இறங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது. பள்ளிக்கூடம் திமிர் என்கிறது, வீடு செய்வினை என்கிறது. சின்ன வயதில் ஒரு காமாலை வந்து போயிருக்கும், அல்லது அண்ணனோ அக்காவோ காமாலையில் இறந்திருப்பார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

சோதனைகள் மூன்று. முதலாவது கண். கருவிழியின் ஓரத்தில் பழுப்புப் பச்சை வளையம், முதலில் மேல் விளிம்பில் தொடங்கும். நரம்பு அறிகுறி உள்ள வில்சனில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். ஈரல் மட்டும் பாதித்தவர்களில் பாதிப் பேருக்குத்தான். நம் கறுத்த கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தால் இது தெரியாது. கண் டாக்டரிடம் ஸ்லிட் லேம்ப்பில், 'கே.எஃப். வளையம் இருக்கிறதா?' என்று எழுதிக் கேட்டு அனுப்ப வேண்டும். 'கண் பரிசோதனை' என்று பொதுவாக எழுதினால் கண்ணாடி பவர் எழுதி அனுப்புவார்கள்.

இரண்டாவது, ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின். டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் சந்தேகம், 10க்குக் கீழ் பலமான சந்தேகம். இது காய்ச்சல், அழற்சி, கர்ப்பம், கருத்தடை மாத்திரை இவற்றால் ஏறும். நோய் இருந்தும் 22 என்று வரலாம். பிறந்த ஆறு மாதத்துக்குள் எல்லாக் குழந்தைக்கும் குறைவாகவே இருக்கும். மூன்றாவது 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு. 100 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் நோய்க்குச் சாதகம். குழந்தைகளில் 40க்கு மேலேயே கவனிக்க வேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. காலை ஆறு மணிச் சிறுநீரைக் கீழே விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் ஒரு சொட்டு விடாமல், மறுநாள் ஆறு மணிச் சிறுநீர் உட்பட, லேப் கொடுத்த பிளாஸ்டிக் கேனிலேயே சேர்க்க வேண்டும். வீட்டுச் சொம்பிலோ பித்தளைக் குவளையிலோ பிடித்து ஊற்றினால் பாத்திரத்தின் செம்பும் கணக்கில் சேரும். பள்ளிக்கூடத்தில் போன இரண்டு தடவை சேராவிட்டால் எண் குறையும். மொத்த அளவு எத்தனை மில்லி என்பது ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். அது இல்லாத ரிப்போர்ட்டை வைத்து எதுவும் சொல்லமுடியாது. செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்ததால் வில்சன் வராது. வந்தவர் அதைக் குடிக்கக்கூடாது, அவ்வளவே.

நோய் உறுதியானால் டி-பெனிசிலமைன், டிரையன்டீன், துத்தநாகம் என்று மருந்துகள் உண்டு. நரம்பு அறிகுறி உள்ளவருக்குப் பெனிசிலமைனை முழு அளவில் தொடங்கினால் சிலருக்கு நடுக்கமும் பேச்சும் இன்னும் மோசமாகும். அதனால் 125 அல்லது 250 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள், வெறும் வயிற்றில், கூடவே பைரிடாக்சின் என்னும் பி6 வைட்டமின். 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று தானாக நிறுத்துவது ஆபத்து. குணமானதாக நினைத்து நிறுத்துவது உயிரையே எடுக்கும். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் 4இல் 1 வாய்ப்பு இருப்பதால், நன்றாக இருக்கும் தம்பி தங்கையையும் அதே வாரத்தில் சோதிக்க வேண்டும். அறிகுறி வருமுன் பிடித்தால் அறிகுறியே வராமல் காக்கலாம்.

வைத்தியம் உள்ள வரிசையில் அடுத்தவை: மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள கைக்குழந்தைக்கு முதுகுத்தண்டு நீர் எடுக்கிறார்கள். சர்க்கரை 32 என்று குறைந்து வருகிறது. காசநோய் மூளைக்காய்ச்சல் என்று மருந்து தொடங்குகிறார்கள். ஆனால் அந்த நீரில் அணுக்கள் இல்லை, புரதம் சரியாக இருக்கிறது. அப்படியானால் நினைக்க வேண்டியது குளூட்-1 குறைபாடு: ரத்தத்திலிருந்து மூளைக்குச் சர்க்கரையை ஏற்றும் புரதத்தின் பழுது. பசித்திருக்கும்போது வலிப்பு கூடும், பால் குடித்தால் குறையும் என்று தாய் சொல்லியிருப்பார். சரியாக அளக்க நாலு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். ரத்தத்தை முதலிலும் முதுகு நீரை அடுத்தும் எடுக்க வேண்டும். ஊசிக்கு அழுதால் ரத்தச் சர்க்கரை ஏறி விகிதம் கெட்டுவிடும். வைத்தியம் மாத்திரையில் இல்லை, கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து குறைந்த கீட்டோஜெனிக் உணவில் இருக்கிறது. வலிப்போடு முடி கொட்டி, தோல் சிவந்து உரியும் குழந்தைக்கு பயோட்டினிடேஸ் என்னும் நொதி அளவைப் பார்க்க வேண்டும். தினம் 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின், மலிவான வைட்டமின், ஆயுள் முழுக்க. சிறுவயதில் தீராத வயிற்றுப்போக்கு, பதின்பருவத்தில் கண்புரை, குதிகால் தசைநாணில் தடிப்பு, பிறகு தள்ளாட்டம் என்று வந்தால் சி.டி.எக்ஸ். என்ற கொழுப்புக் கோளாறு. இதில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு டாக்டர் தனித்தனியாக வைத்தியம் பார்த்து முடித்திருப்பார்.

2007இல் அடையாளம் காணப்பட்ட என்.எம்.டி.ஏ. எதிர்ப்பணு மூளையழற்சி மரபணு நோய் அல்ல. இளம்பெண்ணுக்குச் சில வாரங்களுக்குள் தூக்கம் போய், பிதற்றி, வாயைக் கோணி, வலிப்பும் வந்தால் மனநோய் என்றோ முனி அடித்துவிட்டது என்றோ நாளைக் கடத்தக்கூடாது. எதிர்ப்பணுவை ரத்தத்தில் மட்டும் பார்த்தால் சிலரிடம் தப்பிவிடும், முதுகு நீரையும் அனுப்ப வேண்டும். கருப்பையின் இரு பக்கமும் உள்ள சினைப்பைகளில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில் கோட்டைவிட்டால் மேலே சொன்ன எந்த யோசனையும் பலிக்காது. அமோனியாவுக்கு ரத்தத்தை ஐஸில் வைத்து, கால் மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். காங்கயத்தில் எடுத்து மாலைப் பஸ்ஸில் கோவைக்கு ஏற்றிவிட்ட குப்பியில் அமோனியா தானாக ஏறியிருக்கும். இல்லாத நோயைக் காட்டும். அந்தச் சோதனைக்குக் குழந்தையைத்தான் கூட்டிப்போக வேண்டும். லாக்டேட்டும் அப்படி: கையை இறுகக் கட்டி, கதறும் குழந்தையிடம் எடுத்தால் பொய்யாக ஏறும். வடிதாள் அட்டையில் எடுக்கும் ரத்தப் பொட்டுகளை மூன்று நாலு மணி நேரம் நிழலில், படுக்கைவசமாக, ஒன்றின்மேல் ஒன்று படாமல் காயவைத்துத்தான் உறையில் போட வேண்டும். ஊசி குத்தி ஈ.எம்.ஜி. என்னும் தசை மின்சோதனை பார்த்த தசையில் பயாப்ஸி எடுக்கக்கூடாது. எடுத்த தசைத் துண்டை ஃபார்மலினில் மட்டும் போட்டால் பாதிச் சோதனைகள் நடக்காது, உறையவைத்துப் பாதுகாக்க வேண்டும்.

நரம்பு மின்சோதனை அறையில் ஏ.சி. குளிரில் கை ஜில்லிட்டிருந்தால் நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகம் குறைவாக வரும். தோல் 32 டிகிரியாவது இருக்க வேண்டும். கையில் வேகம் விநாடிக்கு 38 மீட்டருக்குக் கீழ், எல்லா நரம்பிலும் ஒரே சீராகக் குறைந்து, பாதம் வளைந்து உயர்ந்திருந்தால் பரம்பரை நரம்பு நோயான சி.எம்.டி.; இடத்துக்கு இடம் மாறிக் குறைந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும், வைத்தியம் உள்ள சி.ஐ.டி.பி. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பரம்பரை நோய்க்கு லட்சக்கணக்கில் செலவழித்து இம்யூனோகுளோபுலின் ஏற்றப்படுவதுண்டு.

எம்.ஆர்.ஐ. சீட்டில் 'பிரெய்ன் பிளெய்ன்' என்று மட்டும் எழுதினால் அதற்குரிய படம்தான் கிடைக்கும். இரும்புப் படிவைப் பார்க்க எஸ்.டபிள்யூ.ஐ., சில வெள்ளைப்பொருள் நோய்களுக்குக் கான்ட்ராஸ்ட், வேதிப்பொருள் அளக்க ஸ்பெக்ட்ராஸ்கோபி என்று கேட்டு வாங்க வேண்டும். ஃபிலிமை விட, படங்களைப் பதிந்து தரும் சி.டி. வட்டுதான் முக்கியம். இரண்டு வருடம் கழித்து வேறொருவர் பார்க்கும்போது உதவுவது அதுதான்.

இப்போது மரபணுச் சோதனை. 'எக்ஸோம்' என்றால் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்ற எண்ணம் பரவிவிட்டது. மரபுத்தொகுதியில் ஒன்று இரண்டு சதவீதமே ஆன, புரதத்துக்குக் குறிப்புத் தரும் பகுதியை அது படிக்கிறது. அறியப்பட்ட நோய்ப்பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பதால் அது பயனுள்ள சோதனைதான். ஆனால் அதன் குருட்டுப் பகுதிகள் நரம்பு நோய்களில்தான் அதிகம். தண்டுவட நரம்பணுக்கள் அழிந்து தசை மெலியும் எஸ்.எம்.ஏ.வில் 95 சதவீதம் எஸ்.எம்.என்.1 மரபணுவின் ஒரு துண்டு இல்லாமல் போவதால் வருவது. அதன் இரட்டை போன்ற எஸ்.எம்.என்.2 பக்கத்திலேயே இருப்பதால் சாதாரண எக்ஸோம் குழம்பும். இதற்கு, மரபணுத் துண்டுகள் எத்தனை பிரதி இருக்கின்றன என்று எண்ணும் எம்.எல்.பி.ஏ. சோதனை வேண்டும். டூஷேனிலும் பெரும்பகுதி துண்டு விடுபடுதல் அல்லது இரட்டித்தல், முதலில் எம்.எல்.பி.ஏ., அதில் வராவிட்டால்தான் வரிசைப்படுத்தல். கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. போன்ற அமைப்புகள் இந்தச் சோதனையைப் பல ஆண்டுகளாகச் செய்கின்றன. ஹன்டிங்டன் நோய், எஸ்.சி.ஏ.வில் பல வகைகள், ஃப்ரீட்ரிக் தள்ளாட்டம், மயோடோனிக் தசைநோயின் முதல் வகை இவையெல்லாம் மூன்றெழுத்துத் தொடர் பெருகுவதால் வருபவை. எக்ஸோமின் துண்டுப் படிப்பில் அந்தப் பெருக்கம் எண்ணப்படாது. தள்ளாட்ட நோயாளியிடம் எக்ஸோமை முதலில் எடுத்து 'நெகட்டிவ்' என்று ஃபைலை மூடுவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவும் பல எக்ஸோம்களில் சேராது. சேர்ந்தாலும், மெலாஸ் என்னும் மைட்டோகாண்ட்ரியா நோயின் 3243 பிழை ரத்தத்தில் வயது ஏற ஏற மங்கும். சிறுநீரில் தெளிவாகக் கிடைக்கும்.

ரத்தம் ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் 3 முதல் 4 மில்லி போதும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் லேபுக்குச் சொல்ல வேண்டும். கூடப் போகும் சீட்டுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. 'வளர்ச்சிக் குறைவு' என்று ஒரு வார்த்தை எழுதினால் ஆயிரக்கணக்கான மாற்றங்களில் எதைப் பொறுக்குவது என்று ஆய்வாளருக்குத் தெரியாது. எப்போது தொடங்கியது, கற்றதை இழந்ததா, தலை பெரிதா சிறிதா, எம்.ஆர்.ஐ. என்ன, உறவுமுறைக் கல்யாணமா என்று பத்து வரி எழுத வேண்டும். முடிந்தால் அப்பா அம்மா ரத்தமும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

வரும் பதில் ஐந்து படிகளில் இருக்கும், 2015இன் அமெரிக்க வழிகாட்டுதலின்படி. நடுப்படியான 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்பதைக் கண்டுபிடிப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அதை வைத்துக் கருவைப் பற்றி முடிவெடுக்கவே கூடாது. உலகத் தரவுத்தளங்களில் தென்னிந்தியர் குறைவாக இருப்பதால், இங்கே சாதாரணமான ஒரு மாற்றம் அங்கே அபூர்வமாகத் தெரியும். ஏறக்குறைய 10,000 பேரின் மரபுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது இந்த இடைவெளியைக் குறைக்கும். பதில் கிடைக்காதவர்கள் ஒன்று இரண்டு வருடம் கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொல்லலாம், புதிதாக ரத்தம் தேவையில்லை.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் குடும்பத்துக்குக் காலக்கணக்கு முக்கியம். நஞ்சுக்கொடித் திசுவை 11 முதல் 13 வாரத்துக்குள் எடுப்பார்கள், பனிக்குட நீரை 16 வாரத்துக்குப் பிறகு. முதல் குழந்தையின் பிழை எது என்று கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் இரண்டுமே பயன்படும். எக்ஸோமுக்கே நாலைந்து வாரம் ஆகும் என்பதால், மூன்றாம் மாதத்தில் வந்து தொடங்கினால் நேரம் போதாது. குழந்தை பிழைக்காது என்று தெரியும் நிலையிலும் ஒரு ஊதாக் குழாய் ரத்தத்தையோ பிரித்தெடுத்த டி.என்.ஏ.வையோ சேமித்துவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். டூஷேன் பையனின் அக்காவுக்கும் சின்னம்மாவுக்கும் கல்யாணத்துக்கு முன் ஆலோசனை வேண்டும். அவர்கள் சி.கே. சரியாக இருப்பது அவர்களிடம் பிழை இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. பையனின் பிழை எதுவோ அதையே அவர்களிடம் தேட வேண்டும்.

பணத்துக்கு: 2021இன் தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ், பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அது நோயாளியின் கைக்கு வராது, உயர்சிறப்பு மையம் வழியாகவே செலவாகும். தமிழ்நாட்டுக்கு அந்த மையம் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. கோவையிலிருந்து ராத்திரி ரயில் ஏறும் முன், உறுதியான மரபணு அல்லது நொதி ரிப்போர்ட், எம்.ஆர்.ஐ. வட்டு, குடும்ப மரம், தேதி வரிசையில் அடுக்கிய பழைய சீட்டுகள், குழந்தை நடப்பதையும் எழுவதையும் எடுத்த செல்போன் வீடியோ, எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். வலிப்பு வீடியோவாக இருந்தால் தொடக்கத்திலிருந்து, முகமும் இரண்டு கைகளும் தெரியும்படி, போர்வையை விலக்கி எடுத்திருக்க வேண்டும்.